போனவர் எங்கே?

“காணவில்லை” என்று தலைப்பிட்ட ஒரு சிறு கட்டம். அதற்குள் மங்கலான ஒரு போட்டோ. கீழே நாலைந்து வரிகள்: வயது, உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த வேட்டி, சட்டை. தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம் என்று ஒரு வாக்கியம். அதற்கும் பிறகு, வெட்கப்பட்டுக் கொண்டே சேர்த்தது போல், “சற்று மனநிலை சரியில்லாதவர்” என்று இன்னொரு வாக்கியம்.

பத்திரிகை வாசிக்கும் பழக்கமுள்ள எல்லோரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் சினிமாப் பக்கத்துக்குப் போகிறோம். தேவகோட்டை பஸ் நிலையத்தில், காரைக்குடி ரயில் நிலையத்தில், இதே வாசகம் நோட்டீஸாக ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு மழை பெய்தால் முகம் கரைந்து விடும். அதன் மேல் கட்சி மாநாட்டுச் சுவரொட்டி ஏறிவிடும். போனவர் வந்தாரா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அந்தக் கட்டத்தில் மிக முக்கியமான செய்தி கடைசி வாக்கியம்தான். சுயபுத்தியோடு வீட்டை விட்டுப் போனவர் திரும்ப நினைத்தால் திரும்பலாம், ஒரு போன் செய்யலாம், வழி கேட்கலாம். குழந்தை காணாமல் போனால், “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்கப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். ஆனால் புத்தி சுவாதீனமில்லாத வளர்ந்த மனிதர் தெருவில் நடந்தால்? அவருக்குச் சொல்லத் தெரியாது. நமக்குக் கேட்கத் தோன்றாது. தாடி வளர்ந்து, துணி கிழிந்து, தனக்குத் தானே பேசிக் கொண்டு வருகிறவரைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஊர் நடுவில், பட்டப்பகலில், ஆயிரம் பேர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே ஒருவர் காணாமல் போக முடியும் என்றால் அது இப்படித்தான்.

போலீஸ் கட்டுகளில் வருஷக் கணக்கில் துப்புத் துலங்காமல் கிடக்கிற வழக்குகளில் இத்தகையவர்களின் வழக்குகள் தனி ரகம். ஏன் துலங்குவதில்லை என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

கணித மேதைக்கு நேர்ந்தது

காணாமல் போகிறவர் ஏழை, படிக்காதவர், நாதியற்றவர் என்று நினைப்பவர்கள் வசிஷ்ட நாராயண சிங்கின் கதையை அறிந்து கொள்ள வேண்டும். பீகாரில் போஜ்பூர் ஜில்லாவில் வசந்த்பூர் என்ற கிராமம். தகப்பனார் போலீஸ் கான்ஸ்டபிள். பையனோ கணிதத்தில் சூரன். பாட்னாவில் படித்துக் கொண்டிருந்தபோது அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கெல்லியின் கண்ணில் பட்டு, கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி சர்வகலாசாலைக்குப் போனார். 1969-ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். எழுபதுகளில் தாய்நாடு திரும்பிக் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும், பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்திலும், கல்கத்தா புள்ளியியல் கழகத்திலும் வேலை பார்த்தார். அந்தக் காலத்திலேயே ‘சிஸோஃப்ரினியா’ என்ற மனநோய் அவரைப் பிடித்துக் கொண்டது. ராஞ்சிக்கு அருகே காங்கே மனநோய் ஆஸ்பத்திரியில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள்.

1989-ல் ஒரு ரயில் பிரயாணத்தின் நடுவில் அவர் மறைந்தார். ஒரு நாள் இரண்டு நாளல்ல, ஏறக்குறைய நாலு வருஷம். 1993-ல், சாப்ராவுக்கு அருகே டோரிகஞ்ச் என்ற இடத்தில், பரிதாபமான கோலத்தில் அவரைக் கண்டு அடையாளம் சொன்னார்கள். அதன் பின்தான் பெங்களூர் ‘நிம்ஹான்ஸ்’ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

தேசப்படத்தை எடுத்து டோரிகஞ்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கங்கையின் வடகரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் எதிர்க்கரை அவருடைய சொந்த ஜில்லா! பின்னாளில், 2017-ல், அந்த இரண்டு கரைகளையும் இணைத்து ஒரு பாலமே கட்டி விட்டார்கள். பத்திரிகைகளில் படத்தோடு பெயர் வந்த ஒரு மேதை, வீட்டுக்கு இத்தனை அருகில், யாரும் யாரென்று கேட்காத மனிதராகக் கிடந்திருக்கிறார். அவரை மீட்டது சர்க்கார் இலாகா எதுவும் இல்லை. முகம் தெரிந்த மனிதர் கண்ணில் அவர் பட்டதுதான். 2019 நவம்பர் 14-ந் தேதி அவர் காலமானார். மறு வருஷம் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

இவராவது கிடைத்தார். ஹிந்தி சினிமா நடிகர் ராஜ் கிரண் விஷயம் வேறு மாதிரி. 1980-ல் வந்த ‘கர்ஸ்’, 1982-ல் வந்த ‘அர்த்’ ஆகிய படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் ஞாபகம் இருக்கும். சினிமா வாய்ப்புகள் குறைந்த பிறகு மனம் தளர்ந்து போனார் என்றார்கள். பம்பாயில் மனநோய் சிகிச்சை பெற்றார் என்றார்கள். அமெரிக்காவில் டாக்ஸி ஓட்டுகிறார் என்றார்கள். அவரோடு நடித்த தீப்தி நவால் 2010-ல் தகவல் கேட்டு வேண்டுகோள் விடுத்தார். 2011-ல் ரிஷி கபூர், “அட்லாண்டா நகரில் ஒரு மனநல விடுதியில் இருக்கிறார்” என்று அறிவித்தார். நாடெங்கும் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. குடும்பத்தாரோ அது உண்மையல்ல, நாங்கள் இன்னும் தேடிக் கொண்டுதான் இருக்கிறோம் என்று மறுத்துவிட்டார்கள். லட்சோப லட்சம் பேர் திரையில் பார்த்த முகமே இப்படி மறைய முடியும் என்றால், தேவகோட்டையில் ஒரு தெருவுக்கு மட்டும் தெரிந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இரண்டு நோட்டுப் புத்தகங்கள்

காணாமல் போன வழக்கு என்பது உண்மையில் இரண்டு நோட்டுப் புத்தகங்களின் கதை. ஒன்று, ஆள் தொலைந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது: இன்ன பெயருடையவர், இன்ன தேதி முதல் காணவில்லை என்று. மற்றொன்று, ஆள் போய்ச் சேர்ந்த ஊரில் இருக்கிறது. அது போலீஸ் ஸ்டேஷனாக இருக்கலாம். அனாதை விடுதியாக இருக்கலாம். சர்க்கார் மனநல ஆஸ்பத்திரியாக இருக்கலாம். பிணக் கிடங்காகவும் இருக்கலாம். அந்த நோட்டில் பெயர் இராது. “பெயர் விலாசம் தெரியாத ஆண், வயது சுமார் 50” என்று மட்டும் இருக்கும். இந்த இரண்டு பக்கங்களும் ஒரே மேஜையில் சேர்ந்தால் அன்றே வழக்கு தீர்ந்தது. சேர்வதே இல்லை என்பதுதான் சங்கடம்.

முதல் நோட்டு நம் நாட்டில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், ஓரளவு ஒழுங்காகவே எழுதப்படுகிறது என்று சொல்ல வேண்டும். “ஆள் காணவில்லை” என்று புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யும் வழக்கம் இங்கே உண்டு. இருபத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்று பலர் நம்பிக் கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. அந்த நம்பிக்கையால் நஷ்டமாவது முதல் நாள். தேடுகிறவர்களுக்கு அதைவிட விலை மதிப்புள்ள நாள் இல்லை.

இரண்டாவது நோட்டுத்தான் கோளாறு. சட்டத்தில் குறையில்லை. 1912-ல் வெள்ளைக்காரன் போட்ட பைத்தியச் சட்டம் போய், 1987-ல் ஒரு சட்டம் வந்து, அதுவும் போய், 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் அமலாயிற்று. அதன் நூறாவது பிரிவை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சட்டம் போட்டு மாட்டலாம். மனநோயுள்ள ஒருவர் வீடற்றுத் திரிவதைக் கண்டால், போலீஸார் அவரைப் பாதுகாப்பில் எடுத்து, இருபத்து நாலு மணி நேரத்துக்குள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அத்துடன், அவர் கிடைத்த ஊர் ஸ்டேஷனிலேயே “காணாமல் போனவர்” என்று முதல் தகவல் அறிக்கை போட்டு, அவருடைய குடும்பத்தைத் தேடுவது அந்த ஸ்டேஷன் அதிகாரியின் கடமை.

இது எவ்வளவு பெரிய மாறுதல் என்று யோசித்துப் பாருங்கள்! தொலைத்தவர்கள் வந்து புகார் கொடுத்தால்தான் வழக்கு என்பது பழைய வழி. கண்டவரும் வழக்குப் போட வேண்டும் என்பது புது வழி. இரண்டாவது நோட்டை எழுதச் சட்டமே கட்டளையிட்டு விட்டது. ஆனால் நம் ஊர்க் கோயில் வாசல்களையும் ரயில் நிலையங்களையும் பார்த்துவிட்டு, அந்தப் பிரிவு எத்தனை தடவை உபயோகமாகிறது என்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம். கான்ஸ்டபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. திருவிழாப் பந்தோபஸ்து, மந்திரி வருகை, கோர்ட்டு சம்மன் எல்லாம் அவர் தலையில்தான். தெருவில் படுத்திருப்பவர் யாரிடமும் புகார் கொடுக்கப் போவதில்லை. அவருக்காக மேலிடத்திலிருந்து யாரும் போன் செய்யப் போவதுமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் 2013-ல் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொன்னது: காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை போட வேண்டும் என்று. அதனால் காரியங்கள் நடந்தன. பெரியவர்கள் விஷயத்தில் அந்த வேகம் இல்லை. அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. வயது வந்தவர் எங்கே போவார், எங்கே இருப்பார் என்பது அவருடைய சொந்த உரிமை என்பார்கள். சரிதான். ஆனால் தன் ஊர் எது என்று சொல்லத் தெரியாதவர் சுதந்திரமாகத் திரிகிறார் என்று சொல்வது வேடிக்கையாக இல்லையா? ஹைக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்பார் உண்டு. அந்த மனு, ஒருவரைச் சட்ட விரோதமாக யாரோ பிடித்து வைத்திருந்தால் செல்லும். இவரை யாரும் பிடித்து வைக்கவில்லையே!

விஞ்ஞானம் கை கொடுக்காதா? கொடுத்திருக்கிறது, எதிர்பாராத வாசல் வழியாக. விடுதிகளில் பெயரில்லாமல் இருந்த சிலருக்கு ஆதார் அட்டை எடுக்கப் போனார்கள். ரேகை வைத்ததும் இயந்திரம் ஏற்க மறுத்தது. ஏனென்றால் அதே ரேகை வேறோர் ஊரில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது! அந்த நூலைப் பிடித்துக் கொண்டு போய் வீட்டைக் கண்டுபிடித்த சம்பவங்கள் பல நடந்திருக்கின்றன. அதிர்ஷ்டவசமாக நடந்த இதையே ஒரு முறையாக ஏற்படுத்தினால் என்ன? டி.என்.ஏ. சோதனைக்காக 2019-ல் பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. அடையாளம் தெரியாத பிணங்களுக்கு ஒரு பட்டியல், காணாமல் போனவர்களின் உறவினர்களுக்கு ஒரு பட்டியல், இரண்டையும் ஒப்பிடுவது என்று அதில் ஏற்பாடு இருந்தது. குற்றவாளிகளின் விவரம் சேகரிப்பதைப் பற்றிய ஆட்சேபங்களில் அது சிக்கிக் கொண்டது. 2023 ஜூலையில் மசோதாவையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆட்சேபங்கள் நியாயமானவைதான். ஆனால் குற்றவாளிப் பட்டியலை விட்டுவிட்டு, காணாமல் போனவர் பட்டியலை மட்டும் தனியே சட்டமாக்க யாரும் முன்வரவில்லை.

பணக்கார நாடுகளில் மட்டும் எல்லாம் துலங்கிவிடுகிறது என்று எண்ண வேண்டாம். 1978 பிப்ரவரி 24 இரவு, கலிபோர்னியாவில், கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டுக் காரில் திரும்பிய ஐந்து இளைஞர்கள் மறைந்தார்கள். ஐவருமே புத்தி வளர்ச்சிக் குறைவோ மனநோயோ உள்ளவர்கள். வீட்டுக்குப் போகும் பாதையை விட்டு விலகி, பனி மூடிய மலைப்பாதை ஒன்றில் கார் நின்றிருந்தது, பெட்ரோலும் இருந்தது. ஜூன் மாதம் பனி உருகிய பிறகு நாலு பேரின் உடல்கள் கிடைத்தன. ஒருவர், காரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், வன இலாகாவின் கூண்டு வண்டியொன்றில் வாரக் கணக்கில் உயிரோடிருந்து பட்டினியால் இறந்திருந்தார். பக்கத்துக் கொட்டடியில் மாதக் கணக்கில் சாப்பிடக் கூடிய உணவு இருந்தும்! ஐந்தாமவர் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டு வந்தவர். அவருடைய ஷூ மட்டும் அந்த வண்டியில் கிடந்தது. ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏன் மலைக்குப் போனார்கள், ஏன் உணவை எடுக்கவில்லை என்று துப்பறிகிறவர்கள் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். நம் புத்தியை வைத்து அவர்கள் போன வழியைத் தேடினால் அகப்படாது. அவர்களை அறிந்த குடும்பத்தார் சொல்வதுதான் துப்பு.

ஏர்வாடிக்குப் போகும் பாதை

நம் பக்கத்து விஷயத்துக்கு வருவோம். தேவகோட்டையிலிருந்து ராமநாதபுரம் போய், அங்கிருந்து கீழக்கரை வழியாகப் போனால் ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீது தர்காவுக்கு மனம் பேதலித்தவர்களைக் கூட்டி வருவது வெகு காலத்து வழக்கம். ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும்கூட வருவார்கள். திருச்சிச் சீமையில் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் இதே பெயர் உண்டு. நம்பிக்கையைப் பற்றி இங்கே விவகாரமில்லை. நம்பிக்கையைச் சுற்றி வளர்ந்த விடுதிகளைப் பற்றித்தான் பேச்சு.

2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். நாடே பதறிற்று, சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது, அனுமதியில்லாத விடுதிகளை மூடினார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் அடியோடு தடை செய்தது.

எல்லோரும் சங்கிலியைப் பற்றிப் பேசினார்கள். ஏர்வாடி காட்டிய இன்னொரு விஷயத்தை அவ்வளவாகப் பேசவில்லை. அத்தகைய விடுதிகளில் கொண்டு வந்து விட்டவர்கள் சிலர் திரும்பி வரவே இல்லை. பணம் அனுப்புவது நின்றுபோய், கொடுத்த விலாசத்துக்குக் கடிதம் போட்டால் ஆளில்லை என்று திரும்பும். கசப்பான உண்மைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். காணாமல் போனவர்கள் உண்டு. காணாமல் ‘ஆக்கப்பட்டவர்களும்’ உண்டு. தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டும், தம்பிக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அஞ்சுகிற வீட்டில், அண்ணன் ஒரு நாள் ரயிலேறிப் போய்விட்டால், வாய் விட்டு அழுகிறவர்களுக்கு நடுவே மனசுக்குள் பெருமூச்சு விடுகிறவரும் இருக்கலாம். அந்தப் பெருமூச்சுக்காக அவர்களைத் தூக்கில் போட வேண்டியதில்லை. பக்கத்தில் மனநல டாக்டர் இல்லாமல், மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டு ஜில்லாத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய், இருபது வருஷம் ராத்திரித் தூக்கமில்லாமல் காவல் காத்தவர்கள் அவர்கள்.

மீட்கிறவர்களும் இல்லாமல் போகவில்லை. சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு பெண்மணிகள் 1993-ல் ‘பானியன்’ என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்துத் தெருவில் திரிந்த பெண்களுக்குச் சிகிச்சையும் நிழலும் கொடுத்தார்கள். பம்பாயில் டாக்டர் பரத் வாட்வானி தம் மனைவியோடு தொடங்கிய ‘ஷ்ரத்தா’ ஸ்தாபனம், தெருவிலிருந்து எடுத்தவர்களுக்கு மருந்து கொடுத்து, புத்தி தெளிந்ததும் ஊர் பெயர் கேட்டு வீட்டிலேயே கொண்டு போய் விடுகிறது. 2018-ல் அவருக்கு மகஸேஸே விருது கிடைத்தது. இவர்களுடைய அனுபவத்தில் துப்பறியும் வித்தை எதுவுமில்லை. சில வார மருந்து, வயிறாரச் சோறு, அவருடைய பாஷை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. பல வருஷம் ஊமையாயிருந்தவர் வாயிலிருந்து ஒரு கிராமத்தின் பெயர் வந்து விடுகிறது! போலீஸ் கட்டில் ‘துலங்காதது’ என்று எழுதப்பட்ட எத்தனை வழக்குகள் இப்படி ஒரு மாத்திரையில் துலங்கக் கூடும்!

பெரிய வீட்டின் பின் வாசல்

செட்டிநாட்டில் இப்போது வேறொரு ரகமும் சேர்ந்து வருகிறது. இங்குள்ள பெரிய வீடுகளின் அமைப்பு யாவரும் அறிந்தது. முகப்பு ஒரு தெருவில்; கட்டுக் கட்டாக உள்ளே போனால் பின் வாசல் அடுத்த தெருவில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் நூறு பேர் கூடுகிற வீட்டில், மற்ற நாளில் வயோதிகர் ஒருவர், சமையலுக்கு ஓர் ஆள், அவ்வளவுதான். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். அந்தப் பெரியவருக்கு மறதி நோய் வந்தால், ‘கடைக்குப் போய் வருகிறேன்’ என்று பின் வாசல் வழியாகக் கிளம்பி விடுவார். எந்தக் கடை? ஐம்பது வருஷத்துக்கு முன் மூடிய கடையாக இருக்கும். மறதி நோயாளிகள் பழைய வீட்டையும் பழைய வேலையையும் தேடித்தான் நடப்பார்கள் என்பது டாக்டர்கள் கண்ட உண்மை. சமையலாள் கவனிப்பதற்குள் அவர் பஸ்ஸில் இருப்பார். தேவகோட்டை ரோடு ஸ்டேஷன் ஊருக்கு வெளியே தள்ளி இருப்பது ஒரு வகையில் நல்லதாயிற்று. ஆனாலும் அங்கே போய்விட்டால், ஒரு பக்கம் மானாமதுரை, ராமேசுவரம். மறு பக்கம் காரைக்குடி, திருச்சி, சென்னை.

ஜப்பானில் மறதி நோயால் காணாமல் போனதாகப் போலீஸாரிடம் புகாரானவர்கள் 2023-ல் மட்டும் 19 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் சில நாட்களுக்குள் அகப்பட்டு விடுகிறார்கள். ஓமுத்தா என்ற ஊரில், 2004 முதல், ஒருவரைக் காணாமல் போனவர் போல நடக்க விட்டு, ஊரே தேடிப் பழகும் ஒத்திகை நடத்துகிறார்கள். கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள், பஸ் டிரைவர் எல்லோருக்கும் அதில் வேலை உண்டு. “எங்கே போகிறீர்கள் ஐயா?” என்று பதற்றமில்லாமல் கேட்கப் பழகுவதுதான் பாடம். தேவகோட்டைக்கு இது ஆகாத காரியமா? கந்தர் சஷ்டியும் நவராத்திரியும் ஊர் கூடி நடத்தத் தெரிந்தவர்கள்தானே நாம்!

தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் சோறு கிடைக்கும் இடங்களைப் பாருங்கள். 2002 முதல் தமிழ்நாட்டுப் பெரிய கோயில்களில் சர்க்கார் அன்னதானம் நடக்கிறது. ராமேசுவரம், பழனி, திருச்செந்தூர் போன்ற ஸ்தலங்களில் கையில் காசில்லாத ஒருவர் வருஷக் கணக்கில் காலம் தள்ளலாம். மாதா கோயில் வாசல், தர்கா, ரயில்வே பிளாட்பாரம், சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தா, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி, இவற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்; போனவர் ஓரிடத்தில் இருப்பதில்லை. முதியவர்களுக்கு 14567, மனநலத்துக்கு 14416 என்ற சர்க்கார் டெலிபோன் எண்கள் இருக்கின்றன. வீட்டிலுள்ள பெரியவருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியதுமே பெயரும் போன் எண்ணும் பொறித்த ஒரு காப்பையோ டாலரையோ போட்டுவிடுவது அவமானமல்ல.

ஏழு வருஷம், பன்னிரண்டு வருஷம்

போனவர் வராவிட்டால் என்ன செய்வது? இருக்கிறார் என்று காத்திருப்பதா, இல்லை என்று காரியம் செய்வதா? இந்தக் கேள்வி செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். காட்டு வழியே நடந்தவர்களில் ஆயிரக் கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். கடிதமில்லை, தந்தியில்லை, தேதியில்லை. அந்தக் காத்திருப்பை ருசி பார்த்த பூமி இது.

சாஸ்திரம் பன்னிரண்டு வருஷம் காத்திரு என்கிறது. பிறகு தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணிக் கர்மங்களைச் செய்யலாம். சர்க்கார் சட்டம் ஏழு வருஷம் என்கிறது. இது பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடல் கடந்து போனவர்களை உத்தேசித்துப் பிறந்த கணக்கு. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 108-வது பிரிவாக நம் நாட்டுக்கு வந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 111-வது பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. செய்தி வந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருஷம் செய்தியே வராவிட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அப்படிச் சொல்பவருடையது.

இதில் பலருக்குத் தெரியாத நுட்பம் ஒன்று உண்டு. ஏழு வருஷம் கழிந்ததும் தானாக எதுவும் நடந்துவிடாது. கோர்ட்டில் கேள்வி எழுந்தால்தான் அந்த அனுமானம் பிறக்கும். இறந்தார் என்று அனுமானிக்கலாமே தவிர, எந்தத் தேதியில் இறந்தார் என்பதை அனுமானிக்க முடியாது. ஆயுள் இன்ஷூரன்ஸ் வழக்கு ஒன்றில் 2004-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆகவே, அவர் போய்விட்டாரே என்று பிரீமியம் கட்டாமல் விட்டால் பாலிசி செத்துப் போகும். போனவருக்குப் பிரீமியம் கட்டிக் கொண்டே இருக்க வேண்டும்! மனைவி வேறு வாழ்க்கை தேட விரும்பினால், ஏழு வருஷம் செய்தியில்லை என்பது 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டப்படி விவாகரத்துக்குக் காரணமாகும். அதையும் கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். பங்காளிகளுக்குள் வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டுமானாலும் அவர் கையெழுத்து இல்லாத பத்திரம் நிற்காது.

கோர்ட்டில் முதலில் கேட்கப்படுவது என்ன தெரியுமா? அவர் காணாமல் போன அன்று புகார் கொடுத்தீர்களா, எங்கே முதல் தகவல் அறிக்கை, தேடியும் கிடைக்கவில்லை என்ற போலீஸ் சான்று எங்கே, பத்திரிகையில் விளம்பரம் செய்தீர்களா என்பதுதான். ஊருக்குத் தெரிந்தால் கேவலம் என்று, ‘அண்ணன் மலேயாவில் இருக்கிறான்’ என்று சொல்லிச் சமாளித்த வீட்டாருக்கு அங்கே காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இராது. பத்து வருஷத்துக்கு முன் போனவருக்கு இன்றைய தேதியில் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டேஷன் ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, “கடைசியாக என்ன சட்டை போட்டிருந்தார்?” என்று கேட்பார்.